வயதான பெண்களுக்கான நீண்டகால உடல்நல ஆய்வு: சேருமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கன்னியாகுமரி மாவட்டத்தில் கேரள எல்லையை ஒட்டிய களியக்காவிளை, குழித்துறை, அருமனைப் பக்கம் அறுபது தாண்டிய பெண்ணின் வீட்டுக்குப் பிரஷர் மெஷினோடு வருகிறவர்கள் மூன்று வகை. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மாத்திரை கொண்டுவருகிறவர் ஒருவர். 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு தொடங்கிய திட்டம் அது. மருத்துவமனை முகாமுக்கு ஆள் கூப்பிட வருகிறவர் இன்னொருவர். மூன்றாமவர் ஆய்வுக்காரர். அவர் மருந்து தரமாட்டார், ஆஸ்பத்திரிக்கும் கூப்பிடமாட்டார். அளப்பார், கேட்பார், எழுதிக்கொண்டு போவார். இரண்டு மூன்று வருடம் கழித்து அதே வீட்டுக்கு, அதே ஆளைத் தேடி மறுபடி வருவார். இந்த வித்தியாசம் புரியாமல் முதல் தடவை சம்மதித்தவர்கள்தான், “ஒரு மாத்திரைகூட தரல்ல, பிறகு எதுக்கு?” என்று இரண்டாம் தடவை கதவைச் சாத்துகிறார்கள். ஆய்வுக்கு உண்மையான மதிப்பு வருவதே அந்த இரண்டாம், மூன்றாம் வருகையில்தான்.

ஒரே நாளில் எடுத்த பாலை வைத்து ரப்பர் மரத்தை யாரும் எடை போடுவதில்லை. வருடக் கணக்குதான் பேசும். உடம்பும் அப்படியே. எழுபது வயதில் ஒருவருடைய கைப்பிடி பலம் குறைவாக இருக்கிறது என்றால், அது பிறவியிலேயே அப்படியா, ஐந்து வருடத்தில் இறங்கியதா என்று ஒற்றை அளவு சொல்லாது. அறுபத்தைந்திலும் அளந்திருந்தால் சொல்லும். ஒரு கூட்டம் ஆட்களைப் பதிவு செய்து, அவர்களையே வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்து, யாருக்கு எலும்பு முறிகிறது, யாருக்கு மறதி வருகிறது, யார் நலமாக இருக்கிறார்கள், முன்பு அளந்தவற்றில் எது இவர்களைப் பிரித்துக் காட்டுகிறது என்று தேடுவதுதான் இவ்வகை ஆய்வு.

பெண்களைத் தனியாகப் பார்க்கக் காரணம் இருக்கிறது. மாதவிடாய் நின்ற பிறகு முதல் ஐந்து முதல் ஏழு வருடத்துக்குள் எலும்பின் அடர்த்தி 20 சதவீதம் வரை குறையலாம். கர்ப்பப்பை இறக்கம், சிறுநீர் அடக்க முடியாமை எல்லாம் வெளியே சொல்லாமல் சுமக்கிற தொல்லைகள்; ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் இவை பாதிகூட ஏறாது. வீட்டுக்கு வந்து கேட்டால்தான் கணக்கு வரும்.

பொறுமையாகத் தொடர்ந்து பார்த்ததால் வைத்தியமே மாறிய கதை ஒன்று உண்டு. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஹார்மோன் மாத்திரை கொடுத்தால் இதயம் காக்கப்படும் என்று 1990-களில் அமெரிக்க மருத்துவர்கள் பரவலாக நம்பினார்கள். மாத்திரை எடுத்த பெண்களையும் எடுக்காதவர்களையும் பல வருடம் கவனித்த ஆய்வுகள் அப்படித்தான் காட்டின. பிறகு ‘விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்’ என்ற பெரும் ஆய்வு 50 முதல் 79 வயது வரையுள்ள 1,61,808 பெண்களைச் சேர்த்தது. அதன் ஒரு பகுதியில் 16,608 பேரைச் சீட்டுக் குலுக்கல் போல் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் சேர்ந்த மாத்திரையும் மறுபாதிக்கு வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். 2002 ஜூலையில் அந்தப் பகுதியைப் பாதியிலேயே நிறுத்த வேண்டி வந்தது. மாத்திரை எடுத்த 10,000 பெண்களுக்கு ஒரு வருடத்தில் இதயநோய் 7, பக்கவாதம் 8, மார்பகப் புற்றுநோய் 8 என்று கூடுதலாக வந்திருந்தன. இடுப்பெலும்பு முறிவு 5 குறைந்திருந்தது என்பதும் அதே கணக்கில்தான் தெரிந்தது. முன்பு மாத்திரை எடுத்தவர்கள் பெரும்பாலும் வசதியும் படிப்பும் உள்ளவர்கள். அவர்களுடைய ஆரோக்கியத்துக்கான பெருமை மாத்திரைக்குப் போய்விட்டது என்பது இதற்குச் சொல்லப்படும் முக்கியக் காரணங்களில் ஒன்று. மாத்திரையைத் தொடங்கும் வயதும் பலனை மாற்றும் என்பது பிற்பாடு வந்த பாடம்.

இதிலிருந்து, சேருமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி கிடைக்கிறது: “இது சும்மா பார்த்து எழுதுற ஆய்வா, மருந்து கொடுத்துப் பார்க்கிற ஆய்வா?” முதல் வகையில் ஆபத்து மிகக் குறைவு, ஊசி குத்தும் வலியும் செலவாகும் நேரமும்தான். இரண்டாவது வகை என்றால் சிடிஆர்ஐ என்ற மத்தியப் பதிவேட்டில் அந்த ஆய்வுக்கு எண் இருக்க வேண்டும். 2009 ஜூன் முதல் இது கட்டாயம். வீட்டில் படித்த பிள்ளைகள் இருந்தால் அந்த எண்ணை இணையத்தில் அடித்துப் பார்க்கலாம். புதிய மருந்துச் சோதனையில் உடம்புக்குப் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும், அது சோதனையால் வந்தது என்று உறுதியானால் இழப்பீடும் தர வேண்டும் என்பது 2019-ஆம் ஆண்டு விதி. கீழே சொல்வதெல்லாம் பெரும்பாலும் முதல் வகையைப் பற்றியது.

நம் பக்கத்தில் இது புதிது இல்லை. மணவாளக்குறிச்சி மணலைப் போலவே கதிர்வீச்சுள்ள மோனசைட் மணல் கேரளத்தின் கருநாகப்பள்ளிக் கடற்கரையிலும் உண்டு. அங்கே புற்றுநோய் கூடுதலா என்று பார்க்கத் திருவனந்தபுரம் ஆர்சிசி என்ற மண்டலப் புற்றுநோய் மையம் 1990-இல் வீடு வீடாகப் போகத் தொடங்கியது. 30 முதல் 84 வயது வரையுள்ள 69,958 பேரைச் சராசரியாகப் பத்தரை வருடம் பின்தொடர்ந்து 2009-இல் வெளியான முடிவு: அந்தக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. ஒரு கடற்கரையே பயந்துகொண்டிருந்த கேள்விக்கு, திரும்பத் திரும்ப அதே வீடுகளுக்குப் போய்த்தான் பதில் எடுத்தார்கள். நாடு முழுக்க நடப்பதில் பெரியது ‘லாசி’ என்ற முதுமை ஆய்வு. 2017-18 முதல் சுற்றில் 45 வயதுக்கு மேற்பட்டவர்களும் அவர்களுடைய வாழ்க்கைத் துணைகளுமாக 72,000-க்கும் அதிகமானோர் சேர்ந்தார்கள். மும்பை மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் இதை நடத்துகிறது. இதுபோன்ற ஆய்வில் நாமாகப் போய்ப் பெயர் கொடுக்க முடியாது. எந்த வீடு என்பதை அவர்களே கணக்குப்படி தேர்ந்தெடுப்பார்கள். “என்னை விட்டுட்டு அடுத்த வீட்டு லீலாவை எடுங்க” என்றால் அது நடக்காது. ஆளை மாற்றினால் கணக்கு கெட்டுப்போகும்.

கையெழுத்துக்கு முன்

தகவல் தாள், ஒப்புதல் படிவம் என்று இரண்டு வரும். எல்லைப் பகுதியில் முதலில் பார்க்க வேண்டியது அவற்றின் மொழி. திருவனந்தபுரத்திலிருந்து வரும் குழு மலையாளத் தாளைக் கொண்டுவரக்கூடும். விளவங்கோட்டுப் பக்கத்துப் பெண்கள் பலருக்கு மலையாளம் பேசினால் நன்றாகவே புரியும், வாசிக்க வராது. “புரியும்தானே அம்மா” என்று சொல்லிக் கையெழுத்து வாங்குவது முறையல்ல. தமிழ்த் தாள் கேளுங்கள். இல்லையென்றால் கொண்டுவந்த பிறகு வரச் சொல்லுங்கள். ஐசிஎம்ஆர் என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகள், பங்கேற்பவருக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும் என்கின்றன. எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வோடு சம்பந்தமில்லாத, படிக்கத் தெரிந்த சாட்சி ஒருவர் விளக்கம் முழுவதும் கூட இருந்து கையெழுத்திட வேண்டும். அதன் பிறகுதான் பெருவிரல் ரேகை.

தாளில், ஆய்வைச் சரிபார்த்து அனுமதி தரும் நெறிமுறைக் குழுவின் பெயரும் அதன் செயலாளரின் தொலைபேசி எண்ணும் இருக்கும். அந்தக் குழுவில் மருத்துவர்கள் மட்டும் இருப்பதில்லை. சட்டம் தெரிந்தவரும் சாதாரண மக்களில் ஒருவரும் இருக்க வேண்டும், தலைவர் வெளியிலிருந்து வந்தவராக இருக்க வேண்டும். புகார் என்றால் ஆய்வுக்குழுவிடம் இல்லாமல் நேரே அங்கே சொல்லலாம். தாளின் ஒரு பிரதி உங்கள் கையில் இருக்க வேண்டும்; ரேஷன் கார்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.

ரத்தத்தைப் பல வருடம் உறைநிலையில் வைத்துப் பிற்காலச் சோதனைக்குப் பயன்படுத்துவது, மரபணு பார்ப்பது, வெளிநாட்டுக்கு அனுப்புவது ஆகியவற்றுக்குத் தனித்தனியாகச் சம்மதம் கேட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். ஒன்றுக்குச் சரி, மற்றொன்றுக்கு வேண்டாம் என்று சொல்லலாம்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஆய்வுக்காகச் செய்யும் எந்தச் சோதனைக்கும் நீங்கள் ஒரு ரூபாயும் தர வேண்டியதில்லை. பஸ் கூலியும் இழந்த நாள் கூலிக்கு ஈடும் தருவது வழக்கம். ஆனால் ஓடிபி கேட்டாலும், ஏடிஎம் கார்டின் பின்பக்கத்தைக் காட்டச் சொன்னாலும், முன்பணம் கட்டச் சொன்னாலும் அது ஆய்வு இல்லை, மோசடி.

அளக்கும் நாள்

இங்கேதான் தவறுகள் அதிகம் நடக்கின்றன. பெரும்பாலும் யாரும் சொல்லிக் கொடுக்காததால்.

வெறும் வயிற்றில் ரத்தம் என்றால் 8 முதல் 12 மணி நேரம் தண்ணீர் தவிர எதுவும் கூடாது. கட்டன் சாயாவும் சாப்பாட்டுக் கணக்குதான். சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் அதைப் போட்டுக்கொண்டு காத்திருக்கக் கூடாது. தாழ் சர்க்கரையில் மயங்கி விழுந்துவிடலாம். மருந்தைக் கூடவே எடுத்துப் போய், ரத்தம் கொடுத்த பிறகு சாப்பாட்டோடு எடுப்பதுதான் வழக்கம். இன்சுலின்காரர்கள் முதல் நாளே குழுவிடமும் சொந்த டாக்டரிடமும் கேட்டுக்கொள்வது நல்லது.

பிரஷர் அளக்கும்போது இறுக்கமான ஜாக்கெட் கையைச் சுருட்டி மேலே ஏற்றுவதுதான் இங்கே அடிக்கடி பார்க்கும் தவறு. சுருட்டிய துணி கையை இறுக்கினால் அளவு மாறும். அன்று தளர்ந்த கையுள்ள ஜாக்கெட்டோ நைட்டியோ போடுங்கள். அதற்கு முன் அரை மணி நேரம் சாயா, வெற்றிலைப் புகையிலை இரண்டும் வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் படும்படி ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். உயரமான கட்டிலில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தாலோ, பேரனை அதட்டிக்கொண்டே கை நீட்டினாலோ அளவு ஏறிக் காட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு மூன்று தடவை எடுப்பார்கள். “ஒரு தடவை எடுத்தாச்சே” என்று எழுந்துவிடாதீர்கள். முதல் அளவு பெரும்பாலும் கூடுதலாகவே வரும்.

விரல் நுனியில் குத்தி எடுக்கும் ரத்தம் தனிக் கதை. வடிதாளில் அச்சிட்ட வட்டங்களுக்குள் சொட்டுச் சொட்டாக விழ வைத்துக் காய வைப்பார்கள். முதல் சொட்டைத் துடைத்துவிட வேண்டும், அடுத்தது தானாகத் திரண்டு விழ வேண்டும். அண்டி ஆபீஸில் முப்பது வருடம் முந்திரி உடைத்த கைகளுக்கு இது எளிதல்ல. தோட்டின் எண்ணெய் பட்டுப் பட்டு நுனித்தோல் கறுத்துத் தடித்துப் போயிருக்கும். குத்தினாலும் ரத்தம் திரளாது. பழக்கமில்லாத ஆய்வாளர் உடனே விரலைப் பிதுக்குவார். பிதுக்கினால் ரத்தத்தோடு திசுநீரும் கலந்து அளவு பொய்யாகும். வெந்நீரில் கையைச் சில நிமிடம் வைத்துத் துடைத்து, கையைத் தொங்கவிட்டு, நடுவிரல் அல்லது மோதிர விரலின் ஓரத்தில் குத்தச் சொன்னால் வேலை முடியும். நுனியின் நடுவில் குத்துவதைவிட வலியும் குறைவு. அப்புறம் அந்தத் தாள் மணிக்கணக்கில் காற்றில் காய வேண்டும். இரண்டு பருவமழையும் பெய்கிற ஊரில் ஐப்பசி மாதத்தில் ஈரத்தோடு அடுக்கி உறையில் போட்ட தாள் வீண். அப்போது மறுபடி கேட்டு வந்தால் கோபப்படாதீர்கள். இந்தக் கைகளில் ஆதார் ரேகைகூடப் பல சமயம் விழாது. அதை முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

கைப்பிடி பலம் பார்க்க ஒரு கருவியை இரண்டு கையாலும் இரண்டிரண்டு தடவை முழு பலத்தோடு அழுத்தச் சொல்வார்கள். அண்மையில் கையில் ஆபரேஷன் நடந்திருந்தால் அந்தக் கை வேண்டாம். நடைக்கு நாலு மீட்டர் தூரம். இங்கே முழு வேகம் கேட்பதில்லை. கடைக்குப் போகிற நடைதான் கேட்கிறார்கள். பலர் பெருமைக்காக ஓடிக் காட்டுகிறார்கள், அதனால் நடை வேகமே கணக்கில் பொய்யாகிவிடுகிறது. மூச்சை ஊதும் சோதனைக்கு முன், சமீபத்தில் கண்புரை ஆபரேஷனோ மாரடைப்போ வந்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். பலமாக ஊதினால் கண்ணிலும் நெஞ்சிலும் அழுத்தம் ஏறும்.

ஞாபகச் சோதனையில் பத்து வார்த்தைகளைச் சொல்லி, உடனேயும் கொஞ்ச நேரம் கழித்தும் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். இதில் மொழி பெரிய இடறல். மலையாளத்தில் வாசித்த வார்த்தைகளைத் தமிழில் நினைப்பவர் பாதியைத்தான் சொல்வார். அவர் மறதிக்காரராகப் பதிவாவார். காது மந்தமும் மறதியாகப் பதிவாகும். காதுக் கருவி, கண்ணாடி இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள்; தமிழில் கேட்கச் சொல்லுங்கள்; ஃபேன் சத்தமும் டிவியும் நிற்கட்டும். கூட உட்கார்ந்த மருமகள் பாவம் பார்த்து வாயசைத்துச் சொல்லிக்கொடுக்கக் கூடாது. இது பரீட்சை இல்லை, தோற்பதற்கு எதுவும் இல்லை.

சாப்பாட்டுக் கேள்விகளில் சோறு, சப்பாத்தி என்று அச்சடித்த பட்டியல் வரும். காலையில் மரச்சீனிக் கிழங்கும் சாளைக் குழம்பும் சாப்பிட்டவர் “பட்டியல்ல இல்ல, விடுங்க” என்று விட்டுவிடக் கூடாது. எத்தனை துண்டு கிழங்கு, எந்தக் கிண்ணத்தில் குழம்பு என்று கிண்ணத்தையே காட்டுங்கள். தேங்காயெண்ணெயைக் கரண்டிக் கணக்கில் யாராலும் சொல்ல முடியாது. மாதத்துக்கு எத்தனை லிட்டர் வாங்குகிறோம், வீட்டில் எத்தனை பேர் என்று சொன்னால் அவர்களே வகுத்துக்கொள்வார்கள்.

வயது இன்னொரு சிக்கல். ஆதாரில் ஜனவரி 1 என்று போட்டிருப்பவர்கள் ஊரெல்லாம் இருக்கிறார்கள். ஆய்வுக்கு உண்மை வயது வேண்டும். மூன்று வருடம் தப்பினாலும் எலும்பு, ஞாபகக் கணக்குகள் பிசகும். நல்ல குழு நிகழ்ச்சிகளை வைத்துக் கேட்கும்: 1956 நவம்பரில் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது பள்ளிக்கூடம் போனீர்களா? 1969-இல் காமராஜர் நாகர்கோவிலில் நின்று ஜெயித்தபோது கல்யாணம் ஆகியிருந்ததா? 1970-இல் விவேகானந்தர் பாறை திறந்தபோது கையில் எத்தனை பிள்ளை? இப்படிக் கேட்டால் ஒரு வருடம் முன்பின்னாக வயது பிடிபட்டுவிடும்.

கர்ப்பப்பை, சிறுநீர், வீட்டில் அடி, ஏச்சு, சாப்பாடு தராமை பற்றியும் கேட்பார்கள். பெண் ஆய்வாளர், தனி அறை என்று கேட்பது உங்கள் உரிமை. மகனோ மருமகளோ பக்கத்தில் நின்றால் “பிறகு வாங்க” என்று சொல்லலாம். எந்தக் கேள்விக்கும் “இதுக்குப் பதில் வேண்டாம்” என்றும் சொல்லலாம்.

காணாமல் போகாமல் இருப்பது

நீண்டகால ஆய்வைக் கெடுப்பது மெஷின் கோளாறு இல்லை; ஆள் காணாமல் போவது. போகிறவர்கள் எல்லாத் தரப்பிலும் சமமாகப் போனால் பரவாயில்லை. நோயில் விழுந்தவர், விதவையாகிப் பிள்ளை வீட்டுக்குப் போனவர், மறதி வந்தவர் ஆகியோர்தான் அதிகம் விட்டுப்போகிறார்கள். மிஞ்சியவர்கள் திடமானவர்கள். அவர்களை மட்டும் எண்ணினால் ஊரில் முதுமை சுகமாக இருப்பதாகக் கணக்கு காட்டும்.

எல்லையில் இது இரட்டிப்பாகிறது. ஓணம் முடிந்து நெய்யாற்றின்கரை மகள் வீட்டில் ஆறு மாதம், மழை ஓய்ந்த பிறகு அருமனை மகன் வீட்டில் ஆறு மாதம் என்று இருப்பவர்களுக்கு சிம் இரண்டு, விலாசம் இரண்டு. ஆகவே பதிவின்போது உங்கள் எண்ணோடு வெவ்வேறு வீட்டிலுள்ள இருவரின் எண்ணும் கொடுங்கள், எல்லைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. கதவு எண் மட்டும் போதாது. வீட்டு விளைப் பெயர், பக்கத்துப் பள்ளியோ கோயிலோ பேக்கரியோ, ஊரில் கூப்பிடும் பெயர் எல்லாம் எழுதச் சொல்லுங்கள். ஒரே வார்டில் நாலு தங்கம்மாள் இருக்கும் ஊர் இது. இடம் மாறினால் தகவல் தாளிலுள்ள எண்ணுக்கு ஒரு போன் போதும்.

மருத்துவக் காகிதங்களும் இரண்டாகப் பிரிந்து கிடக்கும். சுகர் மாத்திரை குழித்துறையில், இதயம் பார்ப்பது திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜில். ஓபி சீட்டு, டிஸ்சார்ஜ் தாள், ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் தேதி வரிசையில் வையுங்கள். “போன வருஷம் விழுந்தேன்” என்ற வாய்ச்சொல்லைவிட, எந்த எலும்பு, எந்தத் தேதி என்ற டிஸ்சார்ஜ் தாள் ஆய்வுக்குப் பத்து மடங்கு பயன்.

பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டியதும் உண்டு. மரணம் நிகழ்ந்த இடத்தில்தான் பதிவு செய்யப்படும் என்பது சட்டம். குமரி மாவட்டத்துப் பெண் திருவனந்தபுரம் ஆஸ்பத்திரியில் இறந்தால் பதிவு கேரளத்தில் இருக்கும். தமிழ்நாட்டுப் பதிவேட்டில் தேடும் குழுவுக்கு அவர் இன்னும் உயிரோடிருப்பவர். வீட்டிலிருந்து யாராவது சொன்னால்தான் கணக்கு நேராகும். அதன் பிறகு ஒருவர் வந்து கடைசி நோயின் அறிகுறிகளை அரை மணி நேரம் கேட்டு எழுதிக்கொள்ளலாம். அதற்கும் சம்மதம் வேண்டும், மறுக்கவும் செய்யலாம்.

திரும்பக் கிடைப்பதும் விலகுவதும்

உயரம், எடை, பிரஷர் எல்லாம் அன்றே சொல்லிவிடுவார்கள். ரத்த முடிவுகளில் எவை வரும், எத்தனை வாரத்தில், யார் மூலம் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். சில சோதனைகள் ஆய்வுக்கு மட்டுமே பயன்படும், தனி ஆளுக்கு அர்த்தம் தராது; அவை வராது. எதிர்பாராமல் ஆபத்தான ஒன்று தெரிந்தால் சொல்லிவிடுவார்களா என்பதையும் கேளுங்கள். பிரஷர் கூடுதல் என்று சொன்னால் அந்தச் சீட்டோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போவது உங்கள் வேலை, ஆய்வுக்குழு மருந்தெழுதாது.

மறதி வந்த பிறகு சம்மதத்தை யார் தருவது என்ற கேள்வியை நல்ல மனநிலையில் இருக்கும்போதே தீர்த்துக்கொள்ளுங்கள். சட்டப்படி ஏற்கத்தக்க ஒருவரைச் சொல்லி வைக்கலாம். அவர் சரி என்றாலும், அந்த நாளில் நீங்கள் கையை இழுத்துக்கொண்டால் ஊசி கூடாது.

விலகுவதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. அதனால் எந்த ஆஸ்பத்திரிச் சிகிச்சையும் நிற்கக் கூடாது. ஆனால் விலகலில் படிகள் உண்டு: வீட்டுக்கு வர வேண்டாம், போனில் கேட்டால் போதும் என்று சொல்லலாம், எதுவும் வேண்டாம், பழைய பதிவை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்லலாம், சேமித்த ரத்தத்தையும் அழித்துவிடுங்கள் என்றும் கேட்கலாம். எது வேண்டும் என்று தெளிவாகச் சொல்லி எழுதி வாங்குங்கள். ஏற்கெனவே மொத்தக் கணக்கில் கூட்டிவிட்ட எண்களை மட்டும் பிரித்தெடுக்க முடியாது.